பிள்ளையை யாரிடம் விட்டுப் போவது?

முதல் வகை நீரிழிவு உள்ள குழந்தையின் பள்ளிப் பையில் எப்போதும் ஒரு குளுக்கோஸ் பாக்கெட் இருக்கும். பார்ப்பவர்களுக்கு இது புதிராகத் தோன்றும். சர்க்கரை நோய் என்று சொல்லிவிட்டுச் சர்க்கரையையே ஏன் கொடுத்தனுப்புகிறார்கள்? பக்கத்து வீட்டு அம்மாள், ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டி, க்ரெஷில் வேலை செய்யும் ஆயா என எல்லோருக்கும் இந்தக் கேள்வி எழுகிறது. பெற்றோரின் கேள்வி வேறு. ஒரு கல்யாண வரவேற்புக்கு நான்கு மணி நேரம் போய்வர வேண்டுமானால், இந்தக் குழந்தையை யாரை நம்பி விடுவது? இரண்டு கேள்விகளும் ஒன்றோடொன்று பின்னியவை. அந்தப் பாக்கெட் எதற்கு என்று உண்மையாகப் புரிந்துகொண்டவரிடம் பெரும்பாலும் பிள்ளையை விட்டுப் போகலாம். புரியாதவர் எவ்வளவு பாசமானவராக இருந்தாலும் விட்டுப் போவது ஆபத்து.

திரும்ப அழைக்க முடியாத மருந்து

வயிற்றுக்குப் பின்னால் கிடக்கும் கணையத்தில், திட்டுத்திட்டாக அமைந்த சில செல்கள் இன்சுலினைச் சுரக்கின்றன. முதல் வகை நீரிழிவில் உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே அந்தச் செல்களை அழித்துவிடுகிறது. இனிப்பு அதிகம் தின்றதால் வந்த நோய் அல்ல இது. பெற்றோரின் வளர்ப்புக் குறையாலும் வந்ததல்ல. பெரியவர்களுக்கு வரும் இரண்டாம் வகையைப் போல உணவுக் கட்டுப்பாட்டாலோ மாத்திரையாலோ சமாளிக்கவும் முடியாது. இன்சுலினை வெளியிலிருந்து செலுத்தியே ஆக வேண்டும். பாகற்காய்ச் சாற்றையோ வேறு கை மருந்தையோ நம்பி அதை நிறுத்தினால் குழந்தையின் உயிர் போய்விடும்.

இன்சுலின் கிடைக்காத காலத்தில் இந்த நோய் வந்த குழந்தைகள் பிழைக்கவில்லை. கனடாவின் டொரான்டோ நகரில் 1922 ஜனவரி 11 அன்று லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் செலுத்தப்பட்டது. அந்த மருந்து போதிய அளவு தூய்மையாக இல்லை. உயிர்வேதியியலாளர் ஜேம்ஸ் காலிப் தூய்மைப்படுத்திய மருந்து 12 நாள் கழித்துத் தரப்பட்டபோது சிறுவன் தேறினான். சாவை எதிர்நோக்கி வீட்டில் காத்திருந்த குழந்தைகள் அதன்பின் வளர்ந்து பள்ளிக்குப் போனார்கள். அவர்களைப் பார்த்துக்கொள்ள யார் என்ற கேள்வியும் அப்போதுதான் பிறந்தது.

நோயில்லாத உடலில் ரத்தச் சர்க்கரை இறங்கத் தொடங்கியதுமே கணையம் இன்சுலினை நிறுத்திக்கொள்ளும். கூடவே குளுக்ககான் என்ற இன்னொரு சுரப்பை வெளியிட்டு, கல்லீரலில் சேமித்த சர்க்கரையை ரத்தத்துக்கு வரவழைக்கும். ஊசியில் போட்ட இன்சுலினோ எய்த அம்பைப் போல. குழந்தை சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும், ஓடினாலும் தூங்கினாலும் அது தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். சாப்பாட்டுக்குமுன் போடப்படும் விரைவுவகை இன்சுலின் கால் மணி நேரத்தில் வேலையைத் தொடங்கி, ஒன்று முதல் இரண்டு மணி நேரத்தில் உச்சம் தொட்டு, நான்கு மணி நேரம் போல நீடிக்கிறது. நோய் வந்து சில ஆண்டுகளானால், சர்க்கரை இறங்கும்போது கைகொடுக்க வேண்டிய குளுக்ககானும் சரியாகச் சுரப்பதில்லை. இந்த நேரத்தில் உடலுக்கு உதவி வெளியிலிருந்துதான் வர வேண்டும். பையில் இருக்கும் குளுக்கோஸ் அந்த உதவிதான். சர்க்கரை அங்கே மருந்தாகிறது.

ஒன்றரை கிராம்

20 கிலோ எடையுள்ள குழந்தையின் உடலில் ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் ரத்தம் ஓடுகிறது. சர்க்கரை அளவு 100 என்று மீட்டர் காட்டினால், ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 100 மில்லிகிராம் குளுக்கோஸ் இருக்கிறது என்று பொருள். ஒன்றரை லிட்டருக்குக் கணக்குப் போட்டால் மொத்தமே ஒன்றரை கிராம். ஒரு டீஸ்பூனில் பாதிகூட இல்லை. சாப்பாட்டிலிருந்தும் கல்லீரலிலிருந்தும் வந்து சேர்வதும், தசையும் மூளையும் எடுத்துக்கொள்வதும் சமமாக நடந்துகொண்டே இருப்பதால்தான் இந்தச் சிறு இருப்பு தாக்குப்பிடிக்கிறது.

மூளையின் பங்கு சாதாரணமானதல்ல. ஐந்து வயதையொட்டி, குழந்தை ஒரு நாளில் செலவழிக்கும் ஆற்றலில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் மூளைக்கே போகிறது. அதற்கு முக்கிய எரிபொருள் குளுக்கோஸ். இருப்பு குறைந்தால் முதலில் திண்டாடுவதும் மூளைதான். சின்னக் குழந்தையின் கணக்கில் தவறுக்கு இடம் மிகக் குறைவு என்பதை இந்த ஒன்றரை கிராம் காட்டிவிடுகிறது. பெரியவர்களுக்கு ஓரிரு யூனிட் இன்சுலின் கூடுதலாகப் போனால் சமாளித்துவிடலாம். இந்த எடையில் ஒரே யூனிட் சர்க்கரையை 100 அளவுக்கு இறக்கிவிடக்கூடும்.

எது அவசரம், எது காத்திருக்கும்

சர்க்கரை 70-க்குக் கீழே போவதைத் தாழ்சர்க்கரை என்று இங்கே குறிப்பிடலாம். வீட்டில் இதை 'லோ ஆயிடுச்சு' என்பார்கள். 54-க்குக் கீழே போனால் நிலைமை தீவிரம். குழந்தைக்கு வியர்க்கும், கை நடுங்கும், முகம் வெளுக்கும். காரணமில்லாமல் சிணுங்கும், அல்லது திடீரென்று அமைதியாகி ஒரு மூலையில் உட்கார்ந்துவிடும். பேச்சு குழறலாம். கவனிக்காமல் விட்டால் வலிப்பும் மயக்கமும் வரும். இவை நடக்கச் சில நிமிடங்கள் போதும்.

உயர்சர்க்கரை வேறு கதி. 250, 300 என்று மீட்டர் காட்டும்போது பார்ப்பவருக்குப் பதற்றம் வருவது இயல்பு. ஆனால் உடலில் இன்சுலின் இருக்கும்வரை அந்த எண் அந்த நிமிடமே குழந்தையைச் சாய்த்துவிடாது. இன்சுலின் போதாதபோது உடல் கொழுப்பை எரிக்கத் தொடங்கி, கீட்டோன் என்ற அமிலப் பொருளை ரத்தத்தில் சேர்க்கிறது. அது ஆபத்தான அளவை எட்டப் பொதுவாகப் பல மணி நேரமாகும். தண்ணீர் கொடுத்து, பெற்றோருக்குத் தெரிவித்து, சிறுநீர் கழிக்க விட்டால் அந்த நேரத்துக்குப் போதும். இரண்டு விதிவிலக்குகள் உண்டு. உயர்சர்க்கரையோடு வாந்தி, வயிற்றுவலி, ஆழ்ந்து வாங்கும் மூச்சு, மூச்சில் பழவாடை ஆகியவை சேர்ந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். இன்சுலின் பம்ப் பொருத்திய குழந்தைக்குக் குழாய் அடைத்துக்கொண்டால் கீட்டோன் சீக்கிரமே ஏறும்.

ஆகவே ஒரு மாலை நேரம் குழந்தையைப் பார்த்துக்கொள்பவர் நீரிழிவு பற்றிய எல்லாவற்றையும் தெரிந்திருக்கத் தேவையில்லை. தாழ்சர்க்கரையைக் கண்டுபிடிக்கவும், அதை உடனே சரிசெய்யவும் தெரிந்திருந்தால் போதும். இந்த ஒன்றில் அரைகுறை கூடாது.

ஒரு மாலை: 6.15 முதல் 10.30 வரை

எடுத்துக்காட்டாக, 20 கிலோ எடையுள்ள 6 வயதுச் சிறுமி ஒருத்தியை எடுத்துக்கொள்ளலாம். அப்பாவும் அம்மாவும் வரவேற்புக்குப் போகிறார்கள். மாடி வீட்டில் இருக்கும் கல்லூரி மாணவி பார்த்துக்கொள்ள வந்திருக்கிறாள். சிறுமிக்கு அவள் 'அக்கா'.

மாலை 6.15-க்கு அம்மா விரல் குத்திப் பார்க்கிறாள். மீட்டர் 138 காட்டுகிறது. இரவுச் சாப்பாடு மூன்று இட்லியும் சாம்பாரும். வீட்டில் வார்க்கும் நடுத்தர அளவு இட்லி ஒன்றில் 12 கிராம் அளவுக்கு மாவுச்சத்து இருக்கிறது. சாம்பாரையும் சேர்த்தால் 40 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். 20 கிராம் மாவுச்சத்துக்கு ஒரு யூனிட் என்பது இந்தச் சிறுமிக்கு மருத்துவர் வகுத்துத் தந்த கணக்கு. இது குழந்தைக்குக் குழந்தை மாறும். 6.20-க்கு அம்மா இரண்டு யூனிட் போட்டுவிட்டு, சாப்பாட்டுத் தட்டை வைத்துக் கிளம்புகிறாள்.

சிறுமி ஒன்றரை இட்லி தின்கிறாள். "போதும்க்கா, பசிக்கல" என்று எழுந்து ஓடுகிறாள்.

நீரிழிவு இல்லாத பிள்ளை என்றால் இதை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். இங்கே கணக்கு வேறு. 40 கிராமுக்குப் போட்ட இன்சுலினுக்கு எதிரே 20 கிராம்தான் உள்ளே போயிருக்கிறது. மீதி ஒரு யூனிட்டுக்கு வேலை கொடுக்கச் சாப்பாடு இல்லை. அந்த ஒரு யூனிட், வேறெதுவும் குறுக்கிடாவிட்டால், 138-ஐ அடுத்த சில மணி நேரத்தில் 40-க்கு அருகே கொண்டுபோய்விடும். மொட்டைமாடியில் ஓடிப்பிடித்து விளையாடினால் தசைகளும் தம் பங்குக்குச் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். அக்கா இந்தக் கணக்கைப் போட வேண்டியதில்லை. 'தட்டில் மீதி வைத்தால் உடனே கூப்பிடு, அதற்கு ஈடாக வேறு எதையாவது சாப்பிட வை' என்ற ஒரு வரி அவளிடம் சொல்லப்பட்டிருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும். சொல்ல விட்டுப்போயிற்று.

7.45-க்கு விளையாட்டு நின்றுபோகிறது. சிறுமி சோபாவில் சாய்ந்திருக்கிறாள். கூப்பிட்டால் எரிச்சலாகப் பதில் சொல்கிறாள். நெற்றியோர முடி வியர்வையில் ஒட்டியிருக்கிறது. விளையாடிய களைப்பு என்று நினைக்க எல்லா நியாயமும் உண்டு. தாழ்சர்க்கரை பெரும்பாலும் இப்படித்தான் வேறொன்றின் வேடத்தில் வரும். அக்கா சந்தேகப்பட்டு விரல் குத்துகிறாள். மீட்டரில் 61.

அவள் செய்ய வேண்டியது ஒன்றுதான், அதையும் உடனே செய்ய வேண்டும். எடைக்கு ஏற்ப, கிலோவுக்கு 0.3 கிராம் வீதம் குளுக்கோஸ் என்பது குழந்தைகளுக்கான வழக்கமான அளவு. 20 கிலோவுக்கு 6 கிராம். அம்மா முன்பே 6 கிராம் வீதம் பொட்டலம் கட்டி வைத்திருக்கிறாள். பொட்டலம் கிடைக்காவிட்டால் தலைதட்டிய ஒன்றரை டீஸ்பூன் சீனியைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கலாம். சாக்லெட், பிஸ்கட், லட்டு, பால் ஆகியவற்றில் இருக்கும் கொழுப்பு, இரைப்பையிலிருந்து சர்க்கரை குடலுக்கு இறங்குவதைத் தாமதப்படுத்தும். முதல் மருந்தாக அவை உதவாது.

கொடுத்து முடித்த பிறகுதான் ஃபோன். "அறுபத்தொண்ணு காட்டுச்சு ஆன்ட்டி, குளுக்கோஸ் குடுத்துட்டேன்" என்பதுதான் சரியான வரிசை. வரவேற்பு மண்டபத்தின் மேளச் சத்தத்தில் ஃபோனை எடுக்க ஐந்து நிமிடம் ஆகலாம். சர்க்கரை அதுவரை இறங்கிக்கொண்டே இருக்கும். குழந்தையைப் பார்த்துக்கொள்பவருக்கு அனுமதி கேட்காமல் செய்யும் உரிமை ஒன்றே ஒன்றில் வேண்டும் என்றால், அது இதில்தான்.

15 நிமிடம் கழித்து, 8.01-க்கு மீண்டும் விரல் குத்தினால் 84. சிறுமி எழுந்து உட்கார்ந்து டிவி ரிமோட்டைத் தேடுகிறாள். வேலை இன்னும் முடியவில்லை. 6.20-க்குப் போட்ட இன்சுலினில் பாதியளவு இன்னும் உடலில் இருக்கிறது. 6 கிராம் குளுக்கோஸ் அதற்கு நெடுநேரம் ஈடுகொடுக்காது. ஒரு சின்ன வாழைப்பழமும் அரை டம்ளர் பாலும் சேர்ந்தால் மாவுச்சத்து 20 கிராம் அளவுக்கு வரும். அதைத் தின்ற பின் 9 மணிக்கு 126. பெற்றோர் 10.30-க்குத் திரும்பும்போது சிறுமி தூங்குகிறாள், மீட்டர் 131 காட்டுகிறது. ஓடியாடி விளையாடிய நாளில் தாழ்சர்க்கரை நள்ளிரவிலும் வரக்கூடும் என்பதால் அம்மா இன்னொரு முறை சோதிப்பாள். அது அவளுடைய வேலை, அக்காவுடையது அல்ல.

15 நிமிடத்துக்குப் பிறகும் 70-க்குக் கீழேயே இருந்தால் இன்னொரு பொட்டலம் கொடுக்க வேண்டும். மறுபுறம், பயத்தில் ஒரே நேரத்தில் நான்கைந்து பொட்டலம் கொடுப்பதும் நடக்கும். அதனால் சர்க்கரை 300-க்கு ஏறலாம். இரண்டு தவறுகளில் இது சிறியது. அந்த இரவில் இதற்காக யாரையும் கடிந்துகொள்ளத் தேவையில்லை.

விரல்நுனியில் மாம்பழம்

மீட்டர் பொய் சொல்லும் சந்தர்ப்பமும் உண்டு. மாம்பழம் தின்ற கையைக் கழுவாமல் குத்தினால், தோலில் ஒட்டியிருக்கும் பழச்சாறு ரத்தத் துளியோடு கலந்துவிடும். உண்மையில் 65 இருக்கும் குழந்தைக்கு மீட்டர் 240 காட்டும். அதைப் பார்த்து நிம்மதியடைந்தால் குழந்தை தாழ்சர்க்கரையில் விடப்படுகிறது. உயர்சர்க்கரை என்று இன்சுலின் போட்டால் நிலைமை இன்னும் மோசம். ஆகவே சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்த விரலில்தான் குத்த வேண்டும். ஈரம் இருந்தால் ரத்தம் நீர்த்துப்போய் எண் குறைந்து வரும். விரல்நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் வலி குறையும். நாளைக்குப் பலமுறை குத்தப்படும் பிஞ்சு விரலுக்கு இந்தக் கரிசனம் தேவை.

ஊசி யார் பொறுப்பு

பார்த்துக்கொள்பவர் இன்சுலின் போட வேண்டுமா? முடிந்தவரை வேண்டாம் என்பதே நல்ல விடை. பெற்றோர் போட்டுவிட்டுக் கிளம்பும்படியோ, திரும்பி வந்து போடும்படியோ நேரத்தை அமைத்துக்கொள்ளலாம். தட்டைக் காலி செய்யுமா என்று சொல்ல முடியாத குழந்தைக்கு, மருத்துவர் அனுமதித்தால், சாப்பிட்டு முடித்தவுடன் தின்ற அளவுக்கு மட்டும் இன்சுலின் போடும் முறையும் உண்டு. மேலே சொன்ன சிறுமிக்கு அது பொருத்தமாக இருந்திருக்கும்.

நாள் முழுதும் பார்த்துக்கொள்ளும் பாட்டிக்கோ க்ரெஷுக்கோ இது ஒத்துவராது. அவர்கள் ஊசி போடக் கற்றே ஆக வேண்டும். இந்தியாவில் அவர்கள் முன்னால் ஒரு கண்ணிவெடி இருக்கிறது. இங்கே இன்சுலின் இரண்டு செறிவுகளில் விற்கிறது. குப்பிகளில் பெரும்பாலானவை மில்லிலிட்டருக்கு 40 யூனிட். பேனாவில் பொருத்தும் கார்ட்ரிட்ஜ்கள் மில்லிலிட்டருக்கு 100 யூனிட். சிரிஞ்சும் இரண்டு வகை. 40-க்கு உரியதன் மூடி சிவப்பு, 100-க்கு உரியதன் மூடி ஆரஞ்சு. பேனா பழுதாகிவிட்டதென்று 100 யூனிட் கார்ட்ரிட்ஜிலிருந்து சிவப்பு மூடிச் சிரிஞ்சில் இரண்டு கோடு அளவு இழுத்தால், உள்ளே போவது 5 யூனிட். 20 கிலோ குழந்தைக்கு அது உயிராபத்து. வீட்டில் ஒரு செறிவு இன்சுலினும் அதற்குரிய சிரிஞ்சும் மட்டுமே இருக்க வேண்டும், பழையவற்றை அன்றே அப்புறப்படுத்த வேண்டும். எந்த அளவையும் பெற்றோரிடம் ஃபோனில் சொல்லி, அவர்கள் திருப்பிச் சொன்ன பிறகே போட வேண்டும். முந்தைய ஊசியின் மருந்து உடலில் இருக்கும்போது, எண் அதிகமாக இருக்கிறதே என்று சொந்த யோசனையில் இன்னொரு ஊசி போடுவது ஒருபோதும் கூடாது.

மயங்கினால்

வலிப்போ மயக்கமோ வந்த குழந்தையின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. சர்க்கரைத் தண்ணீர் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். குழந்தையை ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழைக்க வேண்டும். வீட்டில் குளுக்ககான் ஊசி இருந்து, பழக்கமும் இருந்தால் அதைப் போடலாம். 25 கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்கு அரை மில்லிகிராமும், அதற்கு மேல் எடையுள்ள குழந்தைக்கு ஒரு மில்லிகிராமும் வழக்கமான அளவு. மூக்கில் பீய்ச்சும் குளுக்ககான் 2019-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. தமிழகத்தின் மருந்துக் கடைகளில் குளுக்ககான் எளிதில் கிடைப்பதில்லை. இங்கே முதல் தற்காப்பு, மயங்கும் வரை விடாமல் 70-லேயே பிடித்துவிடுவதுதான்.

கையில் ஒட்டிய சென்சார்

மேற்கையில் நாணய அளவில் ஒட்டப்படும் சென்சார், சில நிமிடத்துக்கு ஒருமுறை சர்க்கரை அளவைச் சொல்கிறது. பெற்றோர் மண்டபத்தில் இருந்தபடியே செல்ஃபோனில் அதைப் பார்க்கலாம். குறைந்தால் அலாரம் அடிக்கும். வசதியுள்ள வீடுகளில் இது பெரிய ஆறுதல். ஆனால் அது ரத்தத்தை அளப்பதில்லை. தோலடித் திரவத்தை அளப்பதால், வேகமாக இறங்கும்போது பத்து நிமிடம் போலப் பின்தங்கும். சென்சார் 90 என்று சொல்லும்போது குழந்தை வியர்த்து நடுங்கினால், நம்ப வேண்டியது குழந்தையைத்தான். விரல் குத்திப் பார்க்க வேண்டும். மீட்டர் கைக்குக் கிடைக்காவிட்டால் தாழ்சர்க்கரை என்றே கருதிக் குளுக்கோஸ் கொடுத்துவிட வேண்டும்.

நம்பலாமா என்று எப்படித் தெரியும்

பாஸ்டன் மருத்துவர் எலியட் ஜாஸ்லின், இன்சுலின் வருவதற்கு முன்பே, 1918-இல், மருத்துவருக்கும் நோயாளிக்கும் பொதுவாக ஒரு நீரிழிவுக் கையேடு எழுதினார். மருத்துவப் படிப்பு இல்லாதவர்களும் இந்தப் பராமரிப்பைக் கற்றுக்கொள்ள முடியும் என்பதே அந்த நூலின் அடிப்படை. இன்று உலகெங்கும் லட்சக்கணக்கான பெற்றோர் அதை மெய்ப்பித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் கற்றதில் ஒரு மாலைக்குத் தேவையான பகுதியை மாடி வீட்டு அக்காவும் கற்கலாம்.

ஆளைச் சோதிக்க எளிய வழி உண்டு. பெற்றோர் வீட்டில் இருக்கும்போதே இரண்டு மாலைகளை முழுதாக அவர் பொறுப்பில் விட்டுப் பார்க்கலாம். விரல் குத்துகிறாரா, எண்ணைச் சொல்கிறாரா, பொட்டலம் எங்கே என்று கேட்காமல் எடுக்கிறாரா என்று கவனித்தால் போதும். 'குழந்தை சோர்ந்திருக்கிறது, மீட்டர் 58, என்ன செய்வீர்கள்?' என்று கேட்டதும், "சக்கரை வியாதிக்காரப் பிள்ளைக்கு எப்படிச் சக்கரை குடுக்கிறது?" என்று ஒரு கணம் தயங்குபவர் இன்னும் தயாராகவில்லை. அவர் சொந்தப் பாட்டியாக இருந்தாலும் இதே அளவுகோல்தான். ஊசியைப் பார்த்தால் கை நடுங்குகிறது என்று முன்பே ஒத்துக்கொள்பவர் நல்லவர். அவரைக் கட்டாயப்படுத்தாமல் வேறு ஏற்பாடு செய்ய வேண்டும்.

வாய்வார்த்தையாகச் சொன்னது பதற்றத்தில் மறந்துபோகும். ஃபிரிட்ஜ் கதவில் பெரிய எழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்க வேண்டும். எந்த எண்ணுக்குக் கீழே குளுக்கோஸ், எத்தனை கிராம், எத்தனை நிமிடம் கழித்து மறுசோதனை, தட்டில் மீதி வைத்தால் என்ன செய்வது, எந்த அறிகுறிக்கு மருத்துவமனை, யாருக்கு முதல் ஃபோன், அவர் எடுக்காவிட்டால் யாருக்கு என்பவை அதில் இருந்தால் போதும். மேலே குழந்தையின் எடையையும் எழுதிய தேதியையும் குறிக்க வேண்டும். எடை கூடும்போதெல்லாம் மருத்துவரிடம் கேட்டுத் தாளை மாற்றி எழுத வேண்டும். 20 கிலோவுக்குக் கட்டிய 6 கிராம் பொட்டலம், அதே குழந்தை 30 கிலோவை எட்டும்போது போதாது. அப்போது தேவை 9 கிராம்.